ரோமா: ஓர் ஆற்றங்கரை ஊரின் கட்டடங்கள்

ரோமா என்ற பெயரைக் கேட்டதும் நேயர்களின் நினைவு இத்தாலி நாட்டின் தலைநகருக்குச் செல்வது இயல்பே. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் ரோமா வேறு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், டெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடியில், ஸ்டார் கவுண்டி என்னும் மாவட்டத்திலே, ஓர் ஆற்றின் வடகரையில் மணற்கல் மேட்டின்மீது அமைந்த சிற்றூர் அது. 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கே வாழ்வோர் பன்னிரண்டாயிரத்திற்கும் குறைவு. எதிர்க்கரை மெக்சிகோ நாடு. இடையில் ஓடும் ஆற்றுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. வடகரையார் அதனை ரியோ கிராண்டே, அதாவது பேராறு, என்கின்றனர். தென்கரையாரோ ரியோ பிராவோ, அதாவது சீற்றம் மிகுந்த ஆறு, என்கின்றனர். பெயர்கள் இரண்டும் ஸ்பானிய மொழிப் பெயர்களே என்பதை நேயர்கள் இப்போதே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இவ்வூரின் நடுப்பகுதியை, ஏறத்தாழ ஒன்பது தெருக்கட்டுகள் கொண்ட இடத்தை, 1993ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. அங்கே அரண்மனை இல்லை, படைக்கோட்டை இல்லை, பெரும்போர் நடந்த களமும் இல்லை. கடைகள், கிடங்குகள், வணிகர் வீடுகள், ஒரு மாதாகோயில், இவைதாம் உள்ளன. ஒரு வல்லரசு தன் எல்லையோரத்துக் கடைத்தெருவுக்கு இத்தகைய சிறப்பை அளித்தது ஏன்? அந்தச் சுவர்கள் எடுத்துரைக்கும் செய்தி தேசப்படத்தில் இல்லாத செய்தி என்பதே நான் கூற விரும்பும் விடை. அவ்வாறு எல்லையாக இருந்ததைவிட நெடுநாள் இரு கரையாருக்கும் நடுத்தெருவாகவே இருந்தது. அந்த நாட்களில் உருவான கட்டடமுறையே இன்றும் அங்கே கல்லாகவும் செங்கல்லாகவும் நிற்கிறது.

அவ்வூருக்கு நான் சென்றவன் அல்லன். நூல்களின் வழியாகவும் படங்களின் வழியாகவும் அறிந்ததையே கூறுகிறேன்.

கதை 1740களில் தொடங்குகிறது. மெக்சிகோ அப்போது ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்தது. வளைகுடாக் கரையை ஒட்டிய வடகிழக்குப் பகுதியில் ஸ்பானியக் குடியிருப்பே இல்லை. அதைக் குடியேற்ற நாடாக்கும் பொறுப்பு ஹோசே டி எஸ்கான்டோன் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் படைவீரர்களைக் காட்டிலும் குடும்பங்களையே மிகுதியாக நம்பினார். ஆடுமாடுகளுடனும் தட்டுமுட்டுச் சாமான்களுடனும் வந்த குடும்பங்களைக் கொண்டு ஆற்றோரத்தில் வரிசையாக ஊர்களை அமைத்தார். காமார்கோவும் ரெய்னோசாவும் 1749இல் தோன்றின. ரெவில்லா 1750இல் தோன்றியது. மியேரும் அதே பத்தாண்டில் எழுந்தது. லாரெடோ 1755இல் வடகரையில் அமைந்தது. மற்ற நான்கும் தென்கரை ஊர்கள்.

1767ஆம் ஆண்டில் நிலம் அளந்து கொடுக்கப்பட்டது. அளந்த முறை கவனிக்கத்தக்கது. அது வறண்ட பூமி. கருவேல் இனத்தைச் சேர்ந்த மெஸ்கீட் மரமும், கள்ளியும், முட்புதரும் நிறைந்த காடு. அங்கே ஆற்றுத்துறை இல்லாத நிலத்தை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்வான்? ஆகவே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆற்றுமுகம் குறுகலாகவும், உள்நோக்கிப் பல மைல் நீளமாகவும் வார் வாராக நிலம் வகுத்தார்கள். போர்சியோன், அதாவது பங்கு, என்பது அதன் பெயர். இப்பங்குகள் ஆற்றின் இரு கரைகளிலும் வகுக்கப்பட்டன. மியேரில் வீடும் எதிர்க்கரையில் மேய்ச்சல் நிலமும் உடைய குடும்பங்கள் பல. இன்றைய ரோமா அத்தகைய மேய்ச்சல் பங்குகளின்மேல் பின்னாளில் எழுந்த ஊரே.

முதலில் வந்தவர்கள் கட்டியவை குடிசைகள். மெஸ்கீட் கழிகளை நெருக்கமாக நட்டு, இடையே மண்ணை அப்பி, மேலே புல் வேய்ந்த அக்குடிசைக்கு ஹாக்கால் என்று பெயர். நிலைத்துவிட்டோம் என்ற உறுதி பிறந்த பின்னரே கல்வீடு வந்தது. அப்பிரதேசத்து மணற்கல்லையும், சில்யார் எனப்படும் வெட்டுவதற்கு எளிய சுண்ணக்கல்லையும் கொண்டு, தடித்த சுவர் எழுப்பினர். வாயில்கள் சிலவே, சன்னல்கள் அவற்றினும் சில. கூரை மட்டமானது. நீண்ட உத்தரங்களைச் சுவருக்குச் சுவர் இட்டு, அதன்மேல் பலகை பரப்பி, சுண்ணாம்பும் மணலும் சரளையும் கலந்த கலவையைக் கொட்டி இறுக்கினர். இக்கலவையைச் சிபிசில் என்பர். சென்னையின் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் என்னும் தளத்தைப் பார்த்திருக்கும் நேயர்களுக்கு இதைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. மரத்தின்மேல் சுண்ணாம்புத் தளம்; சுற்றிலும் கைப்பிடிச் சுவர்; மழைநீர் வெளியே விழத் தூம்பு. கோடைவெயில் நூறு பாகையைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் அந்த ஊரில், தடித்த கற்சுவருக்குள் பிற்பகலில் கிடைக்கும் குளிர்ச்சி சிறிதன்று.

சுவரின் தடிப்புக்கு வெயில் மட்டும் காரணமன்று. கோமாஞ்சி, லிப்பான் அப்பாச்சி முதலிய பழங்குடியினருக்கும் இக்குடியேறிகளுக்கும் நெடுங்காலம் பகை இருந்தது. அந்நிலம் அதற்குமுன் யாருடையது என்ற கேள்வியை இங்கே மறந்துவிடலாகாது. வந்தவர்கள் அஞ்சிக் கட்டினார்கள். அஞ்சுவதற்குக் காரணமும் இருந்தது. அதனால்தான் பழைய வீடுகள் சிலவற்றில் துப்பாக்கி நீட்டும் அளவுக்கு மட்டும் துளைகள் காணப்படுகின்றன.

இனி ஆறு எல்லையான வரலாற்றுக்கு வருவோம். 1821இல் மெக்சிகோ சுதந்திரம் பெற்றது. 1836இல் டெக்சாஸ் தனிக் குடியரசாகப் பிரிந்தது; 1845இல் ஐக்கிய நாடுகளுடன் இணைந்தது. தன் தெற்கெல்லை ரியோ கிராண்டே என்று டெக்சாஸ் கூறியது. இல்லை, அதற்கு வடக்கே உள்ள நுவேசஸ் ஆறே எல்லை என்று மெக்சிகோ கூறியது. 1846இல் போர் மூண்டது. 1848 பிப்ரவரியில் குவாதலூப்பே இதால்கோ என்ற ஊரில் கையெழுத்தான உடன்படிக்கை, ரியோ கிராண்டேயே எல்லை என்று முடிவு செய்தது.

ஊரை விட்டு வெளிமாநிலங்களுக்கு வந்து குடியமர்ந்த நமக்கு, பிழைப்பைத் தேடி மனிதன் இடம்பெயர்வது புதிதன்று. இந்த ஆற்றங்கரையாரின் நிலை அதனினும் விசித்திரமானது. அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், நாடுதான் இடம்பெயர்ந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சென்ற துறை அயல்நாட்டு எல்லையாயிற்று. அண்ணன் ஒரு நாட்டவன், தம்பி மற்றொரு நாட்டவன் என்றாயிற்று.

உடன்படிக்கை அவர்களுடைய சொத்துரிமையைக் காப்பதாக வாக்களித்தது. ஆனால் உரிமையைக் காட்டும் ஆவணங்களோ ஸ்பானிய மொழியில், ஸ்பானிய அளவைகளில் இருந்தன. விசாரித்து அறிக்கை தருவதற்காக 1850இல் டெக்சாஸ் அரசு வில்லியம் போர்லாந்து, ஜேம்ஸ் மில்லர் என்ற இருவரை ஆணையர்களாக அனுப்பியது. மக்கள் ஐயத்துடனேயே தங்கள் மூலப்பத்திரங்களைக் கொடுத்தனர். அவற்றை எடுத்துக்கொண்டு மில்லர் திரும்பிய அன்சன் என்னும் நீராவிக் கப்பல், அவ்வாண்டு நவம்பரில் டெக்சாஸ் கரையோரக் கடலில் மூழ்கிப்போயிற்று. அவர் உயிர் தப்பினார், பத்திரங்கள் தப்பவில்லை. மீண்டும் சான்று திரட்ட வேண்டியதாயிற்று. 1852இல் டெக்சாஸ் சட்டமன்றம் பல உரிமைகளை உறுதி செய்தது. எஞ்சியவை நீதிமன்றங்களில் நெடுங்காலம் அலைந்தன. அரசு ஆவணங்களை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்செய்தியைப் படித்தபோது மனம் பதைத்தது. டெக்சாஸ் அரசின் நில அலுவலகத்தில் ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர் என்ற பதவி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஒருவருடைய வீடும் நிலமும் சில சமயம் ஒரு சொல்லின் பொருளைப் பற்றி நிற்கும் என்பதை அப்பதவியில் இருந்தவர்கள் அறிந்திருப்பார்கள்.

ஆற்றோரத்தில் எஞ்சிய கல்வீடுகளை நான் மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காகிதம் கடலுக்குப் போனபோது, எங்கள் பாட்டன் இங்கே வாழ்ந்தான் என்று காட்டுவதற்குச் சுவரும் கிணறும் கல்லறையும் இருந்தன.

ரோமா ஊராக வளர்ந்தது போருக்குப் பிந்தைய ஆண்டுகளில்தான். அமெரிக்கப் படையினர் போருக்காகக் கொண்டுவந்த நீராவிப் படகுகள், போர் முடிந்ததும் வணிகர் கைக்கு வந்தன. மிஃப்லின் கெனடி, ரிச்சர்டு கிங், சார்லஸ் ஸ்டில்மன் ஆகியோர் கூட்டாகப் படகுப் போக்குவரத்து நடத்தினர். ஆற்றில் நீர் நிறைந்த காலத்தில் அப்படகுகள் வழக்கமாக வந்து சேரும் மேல்கோடித் துறை ரோமா. அங்கே சரக்கை இறக்கினால் உள்நாட்டு மெக்சிகோவுக்குக் கழுதைகளிலும் வண்டிகளிலும் அனுப்பலாம். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், வட மாநிலங்களின் கப்பற்படை தென் மாநிலத் துறைமுகங்களை அடைத்துவிட்டது. தெற்கின் பருத்தி இந்த ஆற்றைக் கடந்து, மெக்சிகோச் சரக்காகி, ஐரோப்பாவுக்குச் சென்றது. அந்தப் பருத்திப் பணம் ரோமாவிலும் புழங்கியது.

அவ்வூரின் அமைப்பே படகுத்துறையை நோக்கியது. ஊர் நடுவே ஒரு பிளாசா உள்ளது. பிளாசா என்பதைச் சதுக்கம் என்று மொழிபெயர்ப்பது நம் வழக்கம். ரோமாவின் பிளாசா சதுரமானதன்று. நீண்ட செவ்வக வெளி. ஊர் கூடும் வெளியைக் குறிக்க நமக்கு மன்றம் என்ற நல்ல பழஞ்சொல் இருப்பதால், அதையே இங்கு ஆள்கிறேன். மன்றத்தின் மேல்முனையில் மாதாகோயில். இரு பக்கங்களிலும் கடைகளும் வீடுகளும். கீழ்முனையோ திறந்த வெளியாய் ஆற்று மேட்டுக்குச் சென்று முடிகிறது. கோயில் வாயிலில் நிற்பவன் கண்ணுக்கு, கடைத்தெருவைக் கடந்து, ஆற்றுக்கு அப்பால், எதிர்க்கரை தெரியும். வழிபாடு, வாணிகம், துறை, உறவினர் ஊர் எல்லாம் ஒரே கோட்டில் அமைந்துவிட்டன.

அந்தக் கோயிலை அமைத்தவர் பிரான்சு நாட்டின் பிரிட்டனி பகுதியில் 1817இல் பிறந்த பியேர் ஈவ் கெராலும் என்னும் பாதிரியார். துறவு பூணுவதற்கு முன் தச்சும் கட்டடக்கலையும் பயின்றவர். 1852இல் டெக்சாசுக்கு வந்தார். ரோமாவில் அடைக்கல மாதாகோயிலை 1854இல் கட்டினார். பிரவுன்ஸ்வில் நகரத்தில் 1859இல் நிறைவெய்திய பெரிய கோயிலும் அவர் பணியே. கட்டடம் இல்லாத நாட்களில் குதிரைமேல் ஏறிப் பண்ணை பண்ணையாகச் சென்று மக்களைச் சந்திப்பார். 1872 நவம்பரில், கண்பார்வை மங்கிய நிலையில், அப்படிப் புறப்பட்டவர் திரும்பவில்லை. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, மாடு தேடிச் சென்றவர்கள் முட்காட்டில் அவருடைய எலும்புகளையும் வழிபாட்டுப் பொருள்களையும் கண்டார்கள். அவர் ரோமாவில் எழுப்பிய கோயிலின் மண்டபம் இப்போது இல்லை. 1960களில் அதை இடித்துப் புதுக்கோயில் கட்டினர். கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்த ஒடுங்கிய கோபுரம் இன்றும் மன்றத்தைப் பார்த்தபடி நிற்கிறது. மண்டபத்தையும் விட்டுவைத்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். ஞாயிறுதோறும் வெயிலில் வெளியே நின்று வழிபட்டவர்களைக் கேட்டால் வேறு விடை கிடைக்கலாம்.

ரோமாவுக்கு இன்றைய முகத்தை அளித்தவர் வேறொருவர். ஹைன்ரிஹ் போர்ட்செல்லர் என்பது அவர் பெயர். 1840ஐ ஒட்டி ஜெர்மனியில் பிறந்தவர். தம் நாட்டுக் கட்டாயப் படைச்சேவைக்குத் தப்பி 1860களின் நடுவில் மெக்சிகோவின் வேராக்ரூஸ் துறைமுகத்தில் இறங்கினார். அங்கே அப்போது ஐரோப்பியரான மாக்சிமிலியன் பேரரசராக அமர்த்தப்பட்டிருந்தார். படைக்குத் தப்பி வந்தவரைப் பிடித்து அந்தப் பேரரசரின் படையிலேயே சேர்த்துவிட்டார்கள்! விதியின் குறும்புக்கு வேறு சான்று வேண்டுமா? அங்கிருந்தும் நழுவினார். மியேர் நகரில் தங்கினார். 1880களில் ரோமாவுக்கு வந்தார். ஹைன்ரிஹ் என்ற ஜெர்மானியப் பெயர் ஆற்றங்கரையில் என்ரிகே ஆயிற்று. பெயர்களை மொழிபெயர்க்கலாகாது என்பது எங்கள் அலுவலக விதி. மக்கள் அந்த விதியைப் பொருட்படுத்துவதில்லை.

போர்ட்செல்லர் ரோமாவில் செங்கற்சூளை அமைத்தார். அதுவரை அங்கே கல்லே ஆட்சி செய்தது. 1853இல் நோவா காக்ஸ் என்னும் வணிகருக்காக மன்றத்தின் ஓரத்தில் எழுந்த மணற்கல் வீடு அப்பழைய முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அங்குக் கிடைத்த மணற்கல்லில் நுட்பமான சிற்ப வேலை செய்வது கடினம். களிமண் அப்படியன்று, அச்சில் எந்த வடிவத்தையும் ஏற்கும். போர்ட்செல்லர் வெவ்வேறு அச்சுகளில் செங்கல் வார்த்துச் சுட்டார். வளைந்த செங்கல், பல்வரிசை போன்ற செங்கல், விளிம்பு மழுங்கிய செங்கல் என்று பலவகை. அவற்றை அடுக்கியே சுவரோடு ஒட்டிய அரைத்தூண்களையும், அத்தூண்களின் தலைப்பையும், மேலே நிழல் விழும்படி நீண்டு நிற்கும் கொடுங்கைகளையும் உண்டாக்கினார். ஐரோப்பியப் பெருநகரங்களில் சலவைக்கல்லில் செதுக்கும் அலங்காரம் இங்கே ஆற்றுமண்ணில் உருவாயிற்று.

மனுவேல் கெர்ரா என்னும் பெருவணிகருக்காக அவர் கட்டிய இரண்டடுக்குக் கட்டடம் இவற்றுள் தலைசிறந்தது. கீழே கடை, மேலே குடும்பத்தார் வாழும் வீடு. மன்றத்தை நோக்கி வரிசையாக உயர்ந்த கதவுகள். ஒவ்வொரு கதவுக்கும் இடையே அரைத்தூண். மேல்மாடியில் இரும்பு அழிகளுடன் கூடிய உப்பரிகை. 1884ஆம் ஆண்டளவில் அது நிறைவெய்தியது. நெஸ்டர் சாயென்சு என்பவரின் கடையும் அதே காலத்தது. ரோமாவுக்குக் கிழக்கே ரியோ கிராண்டே சிட்டி என்னும் ஊரில் சில்வேரியோ டி லா பெஞா என்பவருக்காக 1886இல் மருந்துக்கடை ஒன்றும் கட்டினார். மேலே பார்த்தால் ஐரோப்பிய அலங்காரம். உள்ளே நுழைந்தால் எஸ்கான்டோன் காலத்துத் திட்டம். தெருவை ஒட்டி எழும் சுவர், மட்டமான கூரை, பின்னே மதில் சூழ்ந்த முற்றம், கடையும் வீடும் ஒரே கூரையின்கீழ், இவை எதையும் அவர் மாற்றவில்லை. கட்டுவித்தவர் ஸ்பானிய மரபினர்; கட்டியவர் ஜெர்மானியர்; நாடு அமெரிக்கா; கொள்முதல் செய்தோரில் பலர் மெக்சிகோவினர். இக்கட்டடத்தை எந்த நாட்டுக் கலை என்று வகைப்படுத்துவது? நூலாசிரியர்கள் எல்லைப்புறக் கட்டடமுறை என்கிறார்கள். அச்சொல் எனக்கு நிறைவளிக்கவில்லை. ஆற்றங்கரைக் கட்டடமுறை என்பதே பொருந்தும். ஏனெனில் இதன் உறவினர் வீடுகள் எதிர்க்கரையில் மியேரிலும் காமார்கோவிலும் உள்ளன.

இவை எல்லாம் எப்படி மிஞ்சின? ஊர் நொடித்ததால் மிஞ்சின என்றுதான் கூறவேண்டும். 1881இல் லாரெடோவுக்கு இரயில்பாதை வந்தது. உள்நாட்டு மெக்சிகோவுக்குச் செல்லும் சரக்கு அவ்வழியே திரும்பிவிட்டது. மேல்நிலங்களில் பாசனத்துக்கு நீர் இழுக்கப்பட்டதால் ஆறு மெலிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு நீராவிப் படகுகள் மறைந்தன. செல்வம் இருந்திருந்தால் பழைய கடைகளை இடித்துப் புதியவை கட்டியிருப்பார்கள். இடிப்பதற்கும் பணம் வேண்டுமல்லவா? எனவே மன்றம் அப்படியே நின்றுவிட்டது. சபாதா என்னும் மெக்சிகோப் புரட்சித் தலைவரைப் பற்றிய திரைப்படத்தை எலியா கசான் இயக்கியபோது, மெக்சிகோவில் இடர்ப்பாடுகள் ஏற்படவே, ரோமாவைத் தேர்ந்தெடுத்தார். மார்லன் பிராண்டோ நடித்த அப்படம் 1952இல் வெளிவந்தது. மெக்சிகோ நாட்டு ஊராக நடிப்பதற்கு அமெரிக்க ஊர் ஒன்றுக்கு வேடமே தேவைப்படவில்லை.

ஆற்றின் மேற்பகுதியில் இருந்த ஊர்களுக்கு இந்த நல்லூழ் வாய்க்கவில்லை. ரோமாவுக்கு மேலே, இரு நாடுகளும் சேர்ந்து ஃபால்கன் அணையைக் கட்டின. 1953 அக்டோபரில் அமெரிக்க அதிபர் ஐசனோவரும் மெக்சிகோ அதிபர் ரூயிஸ் கோர்த்தினேசும் அங்கே சந்தித்து அதைத் திறந்து வைத்தனர். வெள்ளத்தைத் தடுக்கவும், பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் அணை தேவையாகவே இருந்தது. அதன் விலையையும் சொல்லவேண்டும். தென்கரையில் 1750இல் தோன்றிய ரெவில்லா, பின்னாளில் கெர்ரேரோ எனப் பெயர் மாறிய பழநகர், நீருக்குள் போயிற்று. வடகரையில் சபாதா என்ற ஊரும் மூழ்கியது. 1953 ஆகஸ்டில் எதிர்பாராத வெள்ளம் வந்து, நீர்த்தேக்கம் கணக்கிட்டதற்கு முன்பே நிரம்பியதால், மக்கள் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். 1990களிலும் பின்னரும் கடும் வறட்சியில் நீர் இறங்கியபோது, கெர்ரேரோவின் மணற்கல் மாதாகோயில் கூரையின்றி வெளியே தோன்றியது. பழைய குடிகளின் வழிவந்தோர் அங்கே சென்று தங்கள் வீட்டுச் சுவர்களைத் தேடினார்கள்.

அந்நகரின் பிள்ளை ஊர் ஒன்று வடகரையில் தப்பிவிட்டது. சான் இக்னாசியோ என்பது அதன் பெயர். சில நூறு பேரே வாழும் மிகச் சிறிய ஊர். 1830இல் ரெவில்லாவைச் சேர்ந்த ஹெசூஸ் திரெவின்யோ என்பவர் மேய்ச்சலுக்கு வரும்போது தங்குவதற்கென ஒற்றை அறைக் கல்வீடு ஒன்றை அங்கே கட்டினார். அவர் மருமகன் பிளாஸ் மரியா உரிபே அதைச் சிறிது சிறிதாக விரித்து, மதில் சூழ்ந்த அரண்மனையாக, இல்லை, அரண்வீடாக ஆக்கினார். அதன் பெருவாயிலுக்கு மேலே கல்லால் ஆன சூரியக் கடிகாரம் ஒன்று உண்டு. 1851இல் அதை அமைத்தவர் ஹோசே வில்யாரியால். சிறுவயதில் பழங்குடியினரிடம் சிறைப்பட்ட அவர், வடமீனை வழிகாட்டியாகக் கொண்டு தப்பி வந்தார் என்றும், அந்த நன்றியினாலேயே கடிகாரத்தை வடமீனுக்கு நேராக நிறுத்தினார் என்றும் ஊரார் சொல்வதுண்டு. கதை எப்படியாயினும், கடிகாரம் இன்றும் நிழல் காட்டுகிறது. அணை கட்டியபோது இவ்வூரையும் கையகப்படுத்த அரசு எண்ணியது. ஊரார் எதிர்த்து முறையிட்டனர். ஊர் பிழைத்தது. 1998இல் அந்த அரண்வீடும் தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. தாய்நகரின் வீடுகள் எப்படி இருந்தன என்று அறிய விரும்புவோர் இப்போது பிள்ளை ஊரைத்தான் பார்க்கிறார்கள்.

ஒற்றை ஊரை மட்டும் காப்பதால் இவ்வரலாறு விளங்காது என்பதை அறிஞர்கள் 1990ஐ ஒட்டி உணர்ந்தனர். லாரெடோ முதல் கடல்வாய் வரை இரு கரைகளையும் ஒரே மரபுப் பிரதேசமாகக் கருதி, ஆற்றின் வழிகள் என்று பொருள்படும் ஸ்பானியப் பெயரில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. டெக்சாஸ் மாநில வரலாற்று ஆணையமும் மெக்சிகோவினரும் அதில் சேர்ந்து உழைத்தனர். கட்டடங்கள் அளந்து வரையப்பட்டன. விரிவான நூலும் வெளிவந்தது. ரோமாவின் மன்றம் பழுதுபார்க்கப்பட்டது. மன்றத்தோரக் கட்டடம் ஒன்று பறவை காண வருவோருக்கான நிலையமாயிற்று. ஏனெனில் அந்த ஆற்று மேட்டில் நின்றால் வேறெங்கும் எளிதில் காணமுடியாத பறவைகளைக் காணலாம். பறவைகளுக்கு எந்தக் கரையும் ஒன்றே.

மனிதருக்கு அப்படியில்லை. 2006இல் அமெரிக்கப் பேராயம் எல்லைவேலிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதன் பின்னர் ஆற்றின் கீழ்ப்பகுதியில் பல இடங்களில் உருக்குக் கம்பங்களாலான உயர்ந்த வேலிகள் எழுந்துள்ளன. சட்டவிரோத வரவைத் தடுப்பது அரசின் கடமை என்பார் ஒருபுறம். ஆற்றுமுகம் இழந்த நிலத்தையும் ஊரையும் எண்ணி வருந்துவோர் மறுபுறம். 1767இல் ஆற்றுத்துறை கிடைக்கவேண்டும் என்பதற்காகவே குறுகலாக வெட்டிய பங்குகள் அல்லவா அவை? அந்நிலங்களுக்கும் ஆற்றுக்கும் இடையே வேலி வருவது, அங்குள்ள பழங்குடும்பங்களுக்கு வேறெவருக்கும் இல்லாத ஒரு வலியைத் தருகிறது.

ரோமாவின் மன்றத்திலிருந்து சிறிது தொலைவில் ஒரு தொங்குபாலம் இருக்கிறது. 1928இல் கட்டியது. எதிர்க்கரையில் முன்னர் சான் பெத்ரோ டி ரோமா எனப்பட்டு, இப்போது மெக்சிகோவின் முன்னாள் அதிபர் மிகெல் அலெமான் பெயரைத் தாங்கி நிற்கும் ஊரோடு அது ரோமாவை இணைத்தது. 1970களின் இறுதியில் பக்கத்திலேயே புதிய பாலம் கட்டியபின் பழையது மூடப்பட்டது. 1984இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் அது இடம்பெற்றது. அதைச் செப்பனிட வேண்டும் என்ற பேச்சும் திட்டமும் பலமுறை எழுந்துள்ளன. ஒரு கரை மட்டும் முனைந்து அதைச் செய்ய இயலாது. பாலத்தின் ஒரு பாதி ஒரு நாட்டில், மறு பாதி மற்றொரு நாட்டில். வண்டிகள் எல்லாம் புதுப்பாலத்தில் செல்கின்றன. பழைய பாலத்தின் வடங்களோ ரோமாவின் மணற்கல் மேட்டுக்கும் எதிர்க்கரைக்கும் இடையே இன்னும் தொங்கிக்கொண்டிருக்கின்றன.